இரண்டாவது வீச்சு

18 நவம்பர் 1911, சனி.

மழை விடவில்லை. சீவலப்பேரித் துறையில் இன்று பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். தோளில் சுருக்குக் கயிறோடு நான் கரையில் நின்றேன். சந்தையில் அறுத்துக்கொண்டு ஓடும் காளையை ஒரே வீச்சில் பிடிக்கிறவன் என்று பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

வீசினேன். கயிறு அவருக்கு எட்டவில்லை. இரண்டாவது வீச்சில் பிடித்துக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டோம்.

இருமி முடித்ததும் மனிதர் சிரித்தார். "மாட்டுக்கு ஒத்த வீச்சுதான்னு சொல்லுதாவ. எனக்கு மட்டும் ரெண்டா, அண்ணாச்சி?"

கரையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சோறு போடும்போது மனைவியும் கேட்டாள்: "கை தளந்துட்டோ? சந்தைல என்ன பேசுவாவளோ."

"பேசட்டும்" என்றேன்.

முதல் வீச்சு தவறவில்லை. சுருக்கு நேராக அவர் கழுத்துக்குத்தான் போனது. என் கைக்கு வேறு இடம் தெரியாது. கழுத்தில் விழுமுன் கயிற்றை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துவிட்டேன். பிறகு முடிச்சை அவிழ்த்து, வெறுங்கயிறாக வீசினேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்தமடை போய்ச் சேரும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே போயிருப்பார்.