தோள் சரியாகிவிட்டது

ஜனவரி 12

அப்பா,

நீங்கள் நல்லவராகிவிட்டீர்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன ஞாயிறு என் மகள் வாலுவைப் பார்க்க அங்கே வந்தபோது, அவள் உங்கள் படுக்கையில் ஒரு தம்ளர் பாலைக் கொட்டினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். உங்கள் இடுப்பைத்தான் பார்த்தேன், பெல்ட் இருக்கிறதா என்று. நீங்களோ, "விடுடா தங்கம், காய்ஞ்சிடும்" என்றீர்கள். அப்படி ஒரு குரல் உங்களிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அம்மா இறந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. லேத் பட்டறைக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது தூக்குச்சட்டி கைதவறிக் கொட்டிவிட்டது. எல்லாரும் பார்க்க பெல்ட்டால் விளாசினீர்கள். ஒருவரும் மெஷினை நிறுத்தவில்லை. "யாருக்காகடி நான் நாயா உழைக்கிறேன்?" என்ற உங்கள் கத்தல் மட்டும் அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

என் மகளுக்குக் கிடைத்த தாத்தா, எனக்கு அப்பாவாக ஏன் கிடைக்கவில்லை? போனில் கேட்டால் காது கேட்கவில்லை என்று தப்பித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறை விட்டதும் அவளைக் கூட்டிப்போக வருவேன்.

உங்கள் மகள்


ஜனவரி 25

அம்மாடி,

நானும் உன் வாலுவும் இங்கே சௌக்கியம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சோப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் நல்லவனாகவில்லை. அவள் இங்கே வந்த மறுவாரமே மாடிப்படியில் விழுந்தேனே, அன்றிலிருந்து வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. கத்தினால் மூச்சு வாங்குகிறது. அடிக்க முடியாதவன் வேறென்ன செய்வான்? பேசிப் பார்த்தேன். அவள் கேட்டாள். பேசினால் பிள்ளைகள் கேட்கும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. உன் காலத்தில் என் கை நன்றாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சொல்லி நீ அவளை இங்கே விட்ட அன்று, கெண்டைக்காலில் கோடு கோடாக இருந்தது. விழுந்துவிட்டேன் என்றாள். விழுந்த காயம் எது, வயர் பட்ட காயம் எது என்று எனக்கா தெரியாது? உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவசரப்பட்டுக் கூட்டிப்போகாதே.

அப்பா


பிப்ரவரி 9

அப்பா,

தெரிந்தே கேட்காமல் இருந்தீர்களா? நல்ல ஆள்.

ஆமாம், அடித்தேன். கிடங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டிகளை ஸ்கேன் செய்கிறேன். மணிக்கட்டில் ஒரு கருவி கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் ஓய்ந்தால் கீச்சென்று கத்தும். கழிவறைக்குப் போனால் அதற்கும் சம்பளத்தில் பிடித்தம். சூப்பர்வைசருக்கு என் பெயர் தெரியாது, "ஏய் பதினேழு" என்பான். அவனை அடிக்க முடியுமா? வீட்டுக்கு வந்தால் என்னைவிடச் சின்னதாக இருப்பது அவள் ஒருத்திதான். அன்றைக்கு என் அடையாள அட்டையின் நாடாவைக் கத்தரித்துப் பொம்மைக்கு இடுப்பில் கட்டியிருந்தாள். சார்ஜர் வயரை எடுத்தேன். "யாருக்காகடி நான் நாயா உழைக்கிறேன்?" என்று என் வாயிலிருந்து வந்தது. உங்கள் வசனம், அப்பா. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பயந்துபோய்த்தான் அவளை உங்களிடம் விட்டேன். என்னை அடித்தவரிடமே! வேறு யார் இருக்கிறார்கள்? அவள் அப்பன் எங்கே இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது.

இப்போது நான் மாறிவிட்டேன். கோபம் வந்தால் வராந்தாவுக்குப் போய்க் குழாயில் முகம் கழுவிக்கொள்கிறேன். பக்கத்து அறைக்காரியோடு சண்டை வந்தபோது செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. ஏப்ரலில் வருவேன். தடுக்காதீர்கள்.

மகள்


மே 20

அம்மாடி,

நீ வாலுவைக் கூட்டிப்போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. காது மந்தமானவனுக்கே அது தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்.

ஒரு செய்தி. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்துவந்தேன். அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற ஆசை. தோள் சரியாகிவிட்டது. கை தலைக்கு மேல் போகிறது. டாக்டரம்மா கைதட்டினார்.

முந்தாநாள் தெருவில் பந்து விளையாடிய பையன் என் ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். அறைந்துவிட்டேன். காதில் ரத்தம். அவன் அப்பா வந்து, "பெரிய மனுஷனாய்யா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனார். யோசித்து அடிக்கவில்லை, அம்மாடி. அடி விழுந்த பிறகுதான் அது என் கை என்று தெரிந்தது.

நீ அவளைக் கூட்டிப்போனது நல்லதாகப் போயிற்று.

இது வலது கையால் எழுதியது. எழுத்து அழகாக இருக்கிறது, இல்லையா?

அப்பா


ஜூன் 3

அப்பா,

நேற்று அவளை அடித்துவிட்டேன்.

கிடங்கில் ஆள் குறைக்கப் போகிறார்களாம், பட்டியலில் நானும் இருக்கிறேனாம். வீட்டுக்கு வந்தால் அரிசி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் அரிசி. வராந்தாவுக்குப் போனேன். முகம் கழுவினேன். திரும்பி வந்து கையை ஓங்கினேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா இப்படித்தாம்மா கையத் தூக்குவாரு. தூக்கினா வந்து மடியில உக்காரணும்" என்றாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அறை விழுந்தது.

அடிக்கத்தானே முதலில் அவள்மேல் கை ஓங்கினீர்கள்? தோள் எழும்பாமல் கை பாதியில் நின்றுவிட்டது. கூப்பிடுகிறீர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நீங்களும் இல்லை என்று சொல்லவில்லை. அவளுடைய நல்ல காலம் முழுக்க அந்தப் பாதிக் கையில்தான் இருந்திருக்கிறது.

இப்போது நான் தலை சீவக் கையைத் தூக்கினாலே குனிகிறாள்.

அவள் என்னிடம் இருக்கக் கூடாது. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்காதீர்கள். பதினைந்தாம் தேதி ஞாயிறு காலை, இங்கே பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்போம். வந்து கூட்டிப்போங்கள்.

மகள்


ஜூன் 21

அப்பா,

சாயங்காலம் வரை நின்றோம். ஒவ்வொரு பேருந்து வந்தபோதும் வாலு பெஞ்சின்மேல் ஏறிப் பார்த்தாள்.

உங்கள் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் போன் செய்தேன். நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்களாம். அன்று காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனவர், திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டீர்களாம். "ஏன் சார் போகலையான்னு கேட்டேன்மா, தன் கையையே பாத்துக்கிட்டு நின்னாரு" என்றார். நீங்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு விளக்கம் எழுத வேண்டாம்.

குழந்தைகள் விடுதி ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. சாப்பாடும் பரவாயில்லை. வார்டன் மேசைமேல் பிரம்பு இருக்கிறது. "சும்மா மிரட்டறதுக்குத்தாங்க" என்றார். நீங்களும் நானும் சொல்லாத சொல்லா அது?

உங்கள் கை நன்றாக இருக்கிறது. என் கை நன்றாக இருக்கிறது. வார்டன் கைக்கும் ஒரு குறையும் இல்லை. அவளை யாரிடம் விடட்டும்?

நலம் விசாரிக்க வேண்டாம். அறிவுரை வேண்டாம். ஒரே ஒரு ஆளின் பெயரை எழுதி அனுப்புங்கள்.

மகள்