முழுத்தடிக்குக் கை தூக்கிய தம்பிக்கு

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நேற்று சட்டமன்றக் குழுவில் உன்னை நேரிலேயே பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய்.

மர ஏற்றுமதி ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மரத்தை அறுக்காமல் முழுத்தடியாகவே கப்பலில் ஏற்றலாம் என்கிற அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் மில்லில் ரம்பம் நின்றுவிடும், நாற்பது பேர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போவார்கள் என்றேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

"மேடம், நீங்க எந்த மில்லு சார்பா வந்திருக்கீங்க?"

அப்பா இரண்டு விரலைப் பறிகொடுத்து உன்னைப் படிக்க வைத்த மில் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் உன் மானம் போகுமே என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வாக்கெடுப்பு நான்குக்கு நான்கு என்று நின்றபோது, ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும் என்று குழுத் தலைவரான உன் கை மேலே போனது.

வெளியே வந்தேன். உன் உதவியாளர் பின்னாலேயே ஓடி வந்தார். "அக்காவ சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னாரு சார்." உள்ளே மேடம், வெளியே அக்கா. பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அம்மா எல்லாவற்றையும் டிவியில் பார்த்திருக்கிறாள். காதுதான் கேட்காதே, ஒன்றும் புரியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல உக்காந்து பேசி எத்தன வருஷமாச்சு!" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வேறு வழியில்லாமல்,
உன் அக்கா