பதினொன்றாம் பாடத்தில் ஒரு வினைச்சொல்

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து ஒரே மழை. மூன்று நாள் துணி வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்குகிறது. ஆபீஸ் அரை நாள்.

செய்யவேண்டியவை: புரூஃப் திருத்துவது. இவருக்கு பி.பி. மாத்திரை. கறிவேப்பிலை. மேல் வீட்டு தேஷ்பாண்டேயிடம் நம் பாத்ரூம் கூரை ஒழுகுவதைப் பற்றி மறுபடி பேசுவது (நான் போகமாட்டேன், இவர் போகட்டும்).

புரூஃபைத்தான் முதலில் எடுத்தேன். மாதுங்கா சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் புது வாசகப் புத்தகம். பதினொன்றாம் பாடம், 'நம் நாடும் அண்டை நாடுகளும்', நான் எழுதியது. வாரம் முழுக்க வடாலாவில் கப்பல் சரக்குக் காகிதங்களை டைப் அடிக்கிறவளின் எழுத்து முதன்முறையாக அச்சில். கீழே பெயர்: வத்சலா, திலக் நகர். அந்தப் பெயரைத்தான் முதலில் சரிபார்த்தேன். பிழை இல்லை.

மற்றதில் உண்டு. இது மராத்தி ஊர், அச்சகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது, எழுத்தின் உருவத்தைப் பார்த்து அடிக்கிறார்கள். 'இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை', 'இந்தியாவின் வெளியுறவுக் கொள்ளை' ஆகியிருக்கிறது. மூன்று இடத்தில். இவருக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறிவிட்டது. வை. ஸாருக்கு போன் செய்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்றையும் திருத்தியாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

வை. ஸார் என்றால் வைத்தியநாதன் ஸார். வெளியுறவுத் துறையில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்து நாலைந்து தேசம் பார்த்து ஓய்வுபெற்றவர். புத்தகக் குழுவின் தலைவர். என் பாடத்தில் ஏறக்குறைய எல்லா வரியிலும் அவர் பேனா பட்டிருக்கிறது. தொடாமல் விட்ட வரி ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களைப் பற்றியது. பிற்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அவர்களில் யார் அங்கே, யார் இங்கே என்று பிரித்துக்கொண்டதைச் சொல்லிவிட்டு எழுதியிருக்கிறேன்: "கடல் கடந்து போன பிள்ளைகள் தாய்மடி திரும்பினார்கள்."

நன்றாக இல்லை? இவருக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை, உப்பு கொஞ்சம் குறைச்சல் என்றார். சாம்பாரைச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டு விட்டு. வகுப்புக்குப் பதினாறு பேர். 'ழ' சரியாகச் சொல்ல வந்தது நாலு பேருக்கு.

வகுப்பு முடிந்து புத்தகக் குழு. கடைசிப் பார்வை என்று பெயர், ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். பிள்ளைகளுக்கு நாட்டின் கதையைப் பெருமையைச் சொல்லி ஆரம்பிப்பதா, பிழையையும் சேர்த்துச் சொல்வதா. பத்து வயதில் முதலில் நாட்டின்மேல் மதிப்பு வரட்டும், தப்பையெல்லாம் காலேஜில் படித்துக்கொள்ளட்டும் என்றார் வை. ஸார். வீட்டுக்குள் ஆயிரம் சண்டை இருக்கலாம், அடுத்த நாட்டைப் பற்றிப் பேசும்போது ஒரே குரல்தான் இருக்கவேண்டும் என்றார்.

இவர் குழுவிலேயே இல்லை. எனக்குக் குடை பிடிக்க வந்தவர். நாற்காலி கிடைத்ததும் உறுப்பினர் ஆகிவிட்டார். உலகத்தில் எந்த நாட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் எல்லாச் சண்டையிலும் அந்த நாடே ஜெயித்திருக்கிறது, அப்படியானால் தோற்றது யார் என்று கேட்டார். காபி ஆறுகிறது என்றார் வை. ஸார்.

நான் வை. ஸார் கட்சி. இவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும். என் தாய்மடி வரி பெருமைக் கட்சியில்தானே இருக்கிறது.

சாயங்காலம் இவர் மேல் வீட்டுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போய் பேசாமல் பொஹா என்கிற அவல் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். ஒழுகல் நம் சுவரில்தான் தொடங்குகிறதாம், தேஷ்பாண்டே அப்படிச் சொல்கிறாராம். கூட்டறிக்கை எதுவும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

8.20 லோக்கல் ரயில், பன்னிரண்டு நிமிஷம் லேட். லேடீஸ் டப்பாவில் (ரயில் பெட்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) புஷ்பம் வழக்கம்போல் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். எனக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் கோவண்டியில் ஏறுவாள், தேவ்நாரில் வீடு. வடாலாவில் பள்ளி யூனிபாரம் தைக்கும் பட்டறையில் சூப்பர்வைசர். இருபது வருஷமாக அவளும் நானும் இந்த டப்பாவில் வெங்காய விலையிலிருந்து கர்ப்பப்பை ஆபரேஷன் வரை பேசாதது இல்லை. என்னை டீச்சர் என்பாள், பாதி கேலி.

அவள் சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தவள் என்று தெரியும். அதனால்தான் பாடத்தைக் கையோடு கொண்டுபோனேன். தன்னைப் பற்றிப் புத்தகத்தில் வருகிறது என்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். தமிழ் கடகடவென்று படிப்பாள், எங்கள் குழுவில் பாதிப் பேரைவிட வேகம். சுனாபட்டி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் முடித்துவிட்டாள். அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

அப்புறம் வடாலா வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மழைக்கு ஜன்னல் மூடியிருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

புஷ்பம் இல்லை. குர்லா வரை நின்றுகொண்டே போனேன். உடம்பு சரியில்லையோ.

மாத்திரை வாங்கியாயிற்று. கறிவேப்பிலை மறந்தேன்.

ஜூலை 9, புதன்

இன்றும் இல்லை. போன் செய்தேன். வேலை ஜாஸ்தி டீச்சர் என்றாள். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிறது, யூனிபாரத்துக்கு இப்போது என்ன அவசரம்? எனக்கு எங்கேயோ இடிக்கிறது.

இவரிடம் சொன்னேன். பாடத்தைப் படித்த அன்றிலிருந்துதானே என்று கேட்டார். சில சமயம் இவர் புத்திசாலி என்பதை ஒப்புக்கொள்ள எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

வெயில்! ஒன்பது நாளில் முதல் தடவை. எல்லாத் துணியும் கம்பியில்.

பிளாட்பாரத்தில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தேன். நடு டப்பாவில் இருந்தாள். ஏறிப் பக்கத்தில் நின்று நேராகவே கேட்டேன், நான் என்ன தப்பு செய்தேன் என்று. முதலில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றாள். பிறகு சொன்னாள்.

"எங்கேருந்து டீச்சர் நான் திரும்புனேன்? எங்கப்பா பொறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டம். நானும் அங்கதான். பன்னெண்டு வயசுல கப்பல்ல ஏத்துனாங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்த கண்ணால பாத்தது கெடயாது. பாக்காத ஊருக்கு எப்பிடித் திரும்புறது?"

அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஒப்பந்தம் போட்டவங்க எங்கள ஒரு வார்த்த கேக்கல, சரி. நீங்க இருவது வருஷமா பக்கத்துல உக்காந்து வாறீங்க. நீங்களுமா?"

உண்மைதான். அவள் எந்தத் தோட்டத்தில் பிறந்தாள் என்றுகூட இன்று வரை எனக்குத் தெரியாது. ரேஷனில் என்ன அரிசி வந்தது என்று தெரியும், மருமகன் என்ன பைக் வாங்கினான் என்று தெரியும். பாடம் எழுத லைப்ரரியில் ஏழு புத்தகம் புரட்டினேன், இவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

வடாலாவில் இறங்கும்போது மன்னித்துக்கொள் என்றேன். கூட்டத்தில் கேட்டதா தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வரியை மாற்றவேண்டும். முயன்றவை:

'குடியேறினார்கள்' - ஆசைப்பட்டு வந்த மாதிரி இருக்கிறது.
'அனுப்பப்பட்டார்கள்' - பார்சலா என்கிறார் இவர்.
'மீட்கப்பட்டார்கள்' - கிணற்றிலிருந்தா? (இதுவும் இவர்.)
'ஏற்கப்பட்டார்கள்' - வை. ஸாருக்குப் பிடிக்கும். புஷ்பம் மறுபடி டப்பா மாறிவிடுவாள்.

சோறு அடிப்பிடித்துவிட்டது.

வை. ஸாருக்கு போன். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசாங்கமே வைத்த பெயர், சட்டப்படி சரி, நாம் நம் இஷ்டத்துக்கு மாற்றமுடியாது என்றார். திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. எனக்குச் சங்கடமாக இருந்தால் பாடத்தின் கீழ் என் பெயரை எடுத்துவிடலாம், வரி இருக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்.

பெயரை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. புஷ்பத்துக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரை அழைத்து வருகிறேன், அவரோடு பேசிவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். சரி என்றார். புஷ்பத்திடம் இன்னும் கேட்கவில்லை. நானும் ஒப்பந்தம் போட்டுவிட்டு அப்புறம் கேட்கிற ஜாதிதான் போலிருக்கிறது.

ஜூலை 12, சனி

கேட்டேன். முதலில் மாட்டேன் என்றாள். பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்க, நான் என்னத்தப் பேச என்றாள். புத்தகத்தில் என் பெயர் வருகிறது, தப்பான வரிக்குக் கீழே வரக்கூடாது என்றேன். அப்ப உங்களுக்காகத்தான் கூப்பிடுறீங்களா என்று கேட்டாள். பாதிக்குப் பாதி என்றேன். சிரித்துவிட்டாள்.

தேஷ்பாண்டே பிளம்பரை அழைத்து வந்தார். குழாய் இரண்டு வீட்டுக்கும் பொதுவாம். இவருக்குச் சற்று ஏமாற்றம்.

ஜூலை 13, ஞாயிறு

கனத்த மழை. சங்கத்தை ஒட்டிய கிங் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். வரமாட்டாள் என்றே நினைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வை. ஸார் எழுந்து நின்று வணக்கம் சொல்லி நாற்காலி போட்டார். மனிதர் மரியாதையில் குறை வைப்பதில்லை. ஆனால் வாதத்தை விடவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, விண்ணப்பம் வாங்கித்தானே செய்தார்கள், உங்கள் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பாரே என்று கேட்டார்.

புஷ்பம் பதற்றப்படவில்லை. பட்டறையில் நாற்பது பேரை மேய்க்கிறவள். "கைநாட்டு வச்சாரு ஸார். ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி யாரும் வந்து கேக்கல. போட்டப்புறம் வந்து வரிசையில நிக்கச் சொன்னாங்க. நின்னோம்."

இந்தியா சேர்த்துக்கொண்டதைத் தான் இல்லை என்று சொல்லவில்லை என்றாள். மண்டபம் முகாமில் சோறு போட்டார்கள், அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை கொடுத்தார்கள், அதையும் கட்டாயம் எழுதவேண்டும். பெருமையை வெட்டச் சொல்லவில்லை. திரும்பினோம் என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அது நடக்கவில்லை. அவ்வளவுதான் பேசினாள்.

வை. ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் போட்டுக்கொள்ளாமலே, தன் முதல் போஸ்டிங் கண்டி என்றார். எங்கள் யாருக்கும் தெரியாது. அங்கே இந்த விண்ணப்பங்களை வாங்குகிற வேலையாம், ஃபாரத்தில் இந்தியாவில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் இருக்குமாம். முக்கால்வாசிப் பேருக்கு அதில் என்ன சொல்வதென்று தெரியாதாம். "பக்கத்துல நிக்கறவாளைக் கேட்டு ஏதாவது ஒரு ஜில்லா பேரை நானே எழுதுவேன். கட்டம் காலியா இருந்தா மேலதிகாரி திருப்பி அனுப்பிடுவார்."

இவர் தன் காபியை வை. ஸார் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அப்புறம் வை. ஸார்தான் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு சொல்லாகப் புஷ்பத்திடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 'பலர்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் கால் மணி நேரம். இப்போது இப்படி நிற்கிறது:

"இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கு முன் அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இலங்கையிலேயே பிறந்த பலர் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார்கள். இந்தியா அவர்களுக்கு இடமும் வேலையும் தந்தது."

தாய்மடி போயிற்று. வருத்தமா என்றால், ஆமாம், ஒரு சிட்டிகை. நல்ல சத்தம் உள்ள வரி அது. இவர் படியிறங்கும்போது என் காதில், இதில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

பயிற்சியில் நான்காவது கேள்வியை வை. ஸாரே சேர்த்தார்: "உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

புஷ்பத்துக்கு இட்லி, இரண்டாவது காபி. வெளியே தெருத் தண்ணீரில் கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். இரண்டு பேரும் ஒவ்வொரு செருப்பைத் தொலைத்தோம். இரண்டும் இடது கால். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூலை 14, திங்கள்

தூறல். 8.20 சரியான நேரத்தில். பழைய டப்பா. காலை பதினொன்றுக்குப் புத்தகம் அச்சுக்குப் போகிறது, அதற்கு முன் கடைசிப் புரூஃபைப் புஷ்பத்திடம் காட்டினேன். விரல் எங்கேயும் நிற்கவில்லை. பயிற்சிக் கேள்விகள் வரை படித்தாள். நான்காவது கேள்வியை இரண்டு தடவை.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். இருபது வருஷம் பிந்திக் கேட்கிறேன் என்பது நினைவிருந்தது.

குர்லாவில் கூட்டம் ஏறி, எங்கள் மடியில் இரண்டு பை, ஒரு குடை, யாரோ ஒருத்தியின் டிபன் டப்பா. சுனாபட்டி போயிற்று.

"வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன் டீச்சர். எனக்கு அங்க ஒரு நாய்க்குட்டி இருந்துச்சு." மடியில் இருந்த பையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். "இப்ப யாராச்சும் வந்து போன்னு சொன்னா, போமாட்டேன்னு சொல்லுவேன். இந்தத் தடவ கேக்காட்டியும் சொல்லுவேன்."

நாய்க்குட்டியின் பெயர் என்ன என்று கேட்டேன். மணி. வடாலா வந்துவிட்டது.