சமையல்காரி வந்தாலே சிரிக்கிறார்

ஞாயிறு, படுக்கும் முன்

இன்று வீட்டுக்காரரோடு புதுக்கோட்டை போய் அந்தத் திருட்டுக் கும்பல் படம் பார்த்தேன். ஒரு நகைக்கடைக்காரனை நாலு பேர் ஏமாற்றும் காமெடி. தியேட்டரே அவனுடைய டிரைவர்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது. இவர் மட்டும், மூலையில் காய் நறுக்கும் சமையல்காரி வரும்போதெல்லாம் சிரித்தார். அவள்தான் கும்பலுக்குத் தலைவி என்பது கடைசியில்தான் தெரியவரும்.

இடைவேளையில், "மொதத் தடவதானே பாக்குறீங்க?" என்றேன்.

"ஆமா, பின்ன?" என்றார், பாப்கார்னைப் பார்த்துக்கொண்டே.

போன வியாழக்கிழமை ஜெகதாப்பட்டினம் போய் வாங்கியதாகச் சொல்லி இறால் கொண்டுவந்தார். நானும் நம்பித் தொக்கு செய்தேன். இன்று ஆலங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், இவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மீன்காரம்மாவிடம் விசாரித்தேன். "வியாழக்கெழம ஸ்ட்ரைக்குங்க. அங்கிட்டு ஒரு போட்டும் கடலுக்குப் போகல" என்றார்.

யாரோடு படத்துக்குப் போயிருப்பார்? எதற்கு மறைக்கிறார்?

இப்போது நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எழுப்பிக் கேட்டுவிடலாம்தான். "சமையல்காரிமேல ஒனக்கு எப்படிக் கண்ணு போச்சு?" என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வேன்? புதன்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, மற்ற டீச்சர்களோடு நானும் இந்தப் படத்துக்குத்தான் போயிருந்தேன்.