சம்பந்தியின் வலது கால்

8, சனி

காலையிலேயே காற்று. போர்டிக்சன் கடலோர கோல்ஃப் மைதானத்தில் மறைப்புக்கு ஒரு செம்பனைகூடக் கிடையாது. மேடு, பள்ளம், மணல்குழி, ஓரமெல்லாம் முழங்கால் உயர லாலாங் புல்.

கூட ஆடியவர் ரெம்பாவில் டயர் கடை வைத்திருக்கும் சந்திரன். அவர் மகனுக்கு நம் மகள் பிரியாவைக் கேட்கிறார்கள். அடுத்த ஞாயிறு பதில் சொல்லணும். பிரியாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. எனக்கு அப்பன் எப்படி என்று தெரியணும்.

கிளம்பும்போது என் மனைவி சாந்தி: "மாப்பிள்ளை வீட்டுக்காரரு. ஜெயிச்சுக் காட்டாதீங்க. தோத்துட்டு வாங்க."

சரி என்று வந்தேன். ஆனால் எவ்வளவு கோணலாக அடித்தாலும் பந்து அடிக்க வசதியான குட்டைப் புல்லில்தான் கிடக்கிறது. சே, தோற்கக்கூட அதிர்ஷ்டம் வேண்டும்போல.

முதல் குழியிலேயே என்னை "சம்பந்தி" என்கிறார். இன்னும் வெற்றிலை மாற்றவில்லை, என்ன அவசரம்? நான் "அண்ணே"யோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்று. பந்து தேட எப்போதும் அவர்தான் முன்னால் ஓடுகிறார். மேட்டிலிருந்து பார்த்தேன். லாலாங்கில் அவர் வலது கால் ஆடியது. தன் பந்தைத் தள்ளுகிறார்! கள்ளாட்டம்.

9, ஞாயிறு

மழை. சாந்தியிடம் கால் விஷயத்தைச் சொன்னேன். "கொசு கடிச்சிருக்கும், கால ஆட்டியிருப்பாரு" என்கிறாள். பந்திலேயே ஏமாற்றுகிறவன் வீட்டுக்கு என் பிள்ளையை எப்படி அனுப்புவது? பிரியா கல்யாணப் புடவை படமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். பதில் போடவில்லை.

15, சனி

மறுபடி ஆட்டம். கையும் களவுமாகப் பிடித்தேன். கால் ஆடியது, பந்து வெளியே உருண்டது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தால், அதில் பிள்ளையார் சுழி. நான் பேனாவால் போட்டது. என் பந்து!

எனக்காகவா ஏமாற்றுகிறார்? இது இன்னும் மோசம். பையனிடம் உள்ள எந்தக் குறையை மறைக்க இந்தக் குழைவு? கேட்டேவிட்டேன்.

மனிதர் பொங்கிவிட்டார். "நீங்க மட்டும் என்ன லா? நல்லா போற பந்த வேணும்னே லாலாங்ல வுடுறீங்க! பொண்ணுக்குத்தான் ஏதோ குறை, அதான் இப்படிப் பணிஞ்சு போறீங்கன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

"என் பொண்ணுக்கா குறை?" மட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

"அப்புறம் ஏன் தோக்குறீங்க?"

"சாந்தி சொன்னா."

குனிந்து என் மட்டையை எடுத்துக் கொடுத்தார். "என் வீட்டுலயும் அதான் சொன்னா. பொண்ணு குடுக்கிறவங்க மனசு நோகக் கூடாது, தோத்துட்டு வாங்கன்னு."

சிரிப்பதா, அடிப்பதா? இரண்டும் இல்லாமல் வந்துவிட்டேன்.

16, ஞாயிறு

பேய்க்காற்று. இன்று மாலை பதில். அதற்கு முன் ஒரு நிஜ ஆட்டம், யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பேச்சு. இருந்தாலும் மேட்டுக்கு மேடு அவர் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவரும் என் மட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசிக் குழி வரை சரிசமம். அங்கே என் பந்து மணல்குழியில், சுவரோடு ஒட்டி. அடித்தேன், வரவில்லை. மறுபடி அடித்தேன். வாயெல்லாம் மணல்.

அண்ணாந்து பார்த்தேன். மேலே கையைக் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வலது கால் இம்மியும் அசையவில்லை.

"சிரிச்சது போதும், கையக் குடுங்க சம்பந்தி" என்றேன்.