ஒரு காது ரியாஸுக்கு

சனிக்கிழமை, இரவு

இன்று ரியாஸிடம் அடுத்தவன் வாயால் பேசிவிட்டேன்.

நானும் அவனும் பைத்தியமாகக் கிடக்கும் எலக்ட்ரானிக் இசைக்குழுவின் புது ஆல்பம் வந்து ஒரு வாரம் ஆகிறது. எது வந்தாலும் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு இயர்போன் மாட்டிச் சேர்ந்துதான் கேட்போம். அதுவரை விமர்சனம் படிக்கக் கூடாது. வாரம் முழுக்க அவன் அப்பா கடையில் மாட்டிக்கொண்டான். படிக்காமல் காத்திருந்தான். நான் படித்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் பிளாட்பாரத்தில், மூன்றாவது பாட்டில் ரியாஸ் கண்ணை மூடிக்கொண்டு, "செம்மயா இருக்கு மச்சான், பழைய பீட்ட விட்டுட்டு வேற எங்கயோ போய்ட்டானுங்க," என்றான்.

"ஆட வெச்சவனுங்க இப்போ தூங்க வெக்கிறானுங்கடா," என்றேன். விமர்சகர் எழுதிய வரி அது. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக அடிதடி நடப்பதே அந்த வரிக்காகத்தான்.

ரியாஸ் கண்ணைத் திறந்தான். "அப்படியா சொல்ற?" அதன்பின் அவன் கண்ணை மூடவே இல்லை.

சேலையூரில் வீட்டுக்கு வந்து தனியாக, முழுசாகக் கேட்டேன். மூன்றாவது பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அவன் சொன்ன இடத்துக்கேதான் போயிருக்கிறார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தால், அவனிடமிருந்து மெசேஜ்.

"மறுபடி கேட்டேன் மச்சான். நீ சொன்னது கரெக்ட்தான், தூக்கந்தான் வருது. எனக்கு உன் காது இல்லடா."

கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினேன்.