ஜூலிக்கு அமுங்காத மெத்தை

பெரியப்பா,

கூடம் முழுக்கத் தேங்காய்நார் வாசனை. கத்தி மெத்தைக்குள் இறங்கியதும் கிளம்பியது. அதில் உங்கள் வலித் தைலத்தின் மணமும் கலந்திருந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலிக்கு வயதாகிவிட்டது. சுண்ணாம்புக்கல் ஏற்றப் போன இடத்திலிருந்து நீங்கள் லாரியில் கொண்டுவந்த நாய்க்குட்டி, இப்போது முகமெல்லாம் நரைத்து, பின்னங்கால் நடுங்க நிற்கிறது. சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப்போயிருந்தது. பழைய புடவைகளை மடித்து, மேலே பஞ்சுத் தலையணைகளைப் பரப்பிவைத்தேன். நானே படுத்துப் பார்த்தேன், அவ்வளவு சுகம். மறுநாள் காலை ஜூலி எழ முயன்று, கால் ஊன்ற இடம் கிடைக்காமல், படுத்த இடத்திலேயே ஈரமாக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஜெயங்கொண்டத்துக் கால்நடை மருத்துவர், "மூட்டு தேஞ்சிருச்சு பாப்பா. மெத்துனு போட்டா புதைஞ்சுரும். கால ஊனுனா தாங்கணும், எலும்பும் உறுத்தக் கூடாது. நல்லா நீட்டிப் படுக்க எடம் வேணும். எந்திரிக்காமயே கெடந்தா புண்ணு வந்துரும், அப்பறம் கஷ்டம்" என்றார். அவர் சொல்லிமுடிப்பதற்குள் எனக்கு உங்கள் நார் மெத்தை நினைவுக்கு வந்துவிட்டது.

முதுகுவலிக்கென்று அதை நீங்கள் அரியலூரிலிருந்து வாங்கிவந்த அன்று வீடே சிரித்தது. அப்பா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு லாரியில இருக்குற கல்லு மேலயே நீ படுத்துக்கலாம்" என்றார். "சிரிடா, ஒனக்கும் இடுப்பு புடிக்கும்ல, அப்ப வருவ" என்றீர்கள் நீங்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் தலையணையையும் போர்வையையும் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். மெத்தையை மட்டும் பெரியம்மா தரவில்லை. சுவரோரம் நிமிர்த்திச் சாத்தி, உங்கள் வேட்டியால் மூடிவைத்தார். அதை யாரும் தொட்டதில்லை. அவர் எதிரில் உங்கள் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை.

"வாயத் தொறந்துறாதடி. அவங்களுக்கு அது வெறும் மெத்தையில்ல" என்று அம்மா எச்சரித்தார். இருந்தாலும் ஜூலிக்குப் புண் வந்துவிடுமே என்ற பயத்தில் இன்று மத்தியானம் கேட்டுவிட்டேன். பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் பெரிய கத்தி இருந்தது.

"நாய அளந்தியா, இல்ல எல்லாத்தையும் போல அதையும் புஸ்தகத்துல பாத்துக்குவியா?"

ஜூலி நீட்டிப் படுத்திருந்தபோது கயிறு வைத்து அளந்திருந்தேன். அந்த அளவுக்குமேல் சற்றுக் கூடுதலாகவே பெரியம்மா அறுத்தார். வழுக்காமலிருக்க அடியில் சாக்கு, நனையாமலிருக்க மேலே ரெக்சின், அதன்மேல் ஒரு பருத்திப் புடவை. ஜூலி வெகுநேரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தது. பிறகு முன்னங்காலை அழுத்தியது, பின்னங்கால் நடுங்கியது, எழுந்து நின்றது! நான் கத்தியே விட்டேன்.

மிச்சப் பாதியை மறுபடி சுவரோரம் சாத்துவார் என்று நினைத்தேன். பெரியம்மா அதை ஜூலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "எனக்கு மட்டும் மூட்டு புதுசாவா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே படுத்தார்.

இதோ, இப்போது ஜூலியின் காதைத் தடவிக்கொண்டு உங்களைப் பற்றி அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். நீங்கள் மழையில் லாரியை நிறுத்திவிட்டு அவரைப் பெண் பார்க்க வந்த கதை. இதுவரை நான் கேட்டதே இல்லை, பெரியப்பா. எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.